நிறுத்தங்களைச் சொல்பவனின் மூக்கு

கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் என் தலைக்குள் வெள்ளையாக இருப்பதாக டாக்டர் சொன்னார். ஸ்கேன் படத்தை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு, பேனாவின் பின்பக்கத்தால் ஒவ்வோர் இடமாகத் தொட்டுக் காட்டினார். கறுப்பு என்றால் காற்று. வெள்ளை என்றால் சளி, அல்லது வீக்கம், அல்லது இரண்டும். நெற்றிக்குள் இரண்டு அறைகள், கன்னங்களுக்குள் இரண்டு. நல்ல நிலையில் இருக்கும் மனிதனுக்கு இவை காலி அறைகள். என்னுடைய நான்கிலும் ஆள் குடியிருந்தது.

“எத்தனை வருஷமா இப்படி அடைச்சிருக்கு?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. நான் வந்தது தலைவலிக்கு. மூக்கு அடைத்திருக்கிறது என்பதையே அவர் சொல்லித்தான் கேள்விப்படுகிறேன். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து என் மனைவி பதில் சொன்னாள்.

“ஒம்போது வருஷம் உறுதியா சொல்லலாம் டாக்டர். கல்யாணத்துக்கு முன்னாடி எப்படி இருந்தாருன்னு எனக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்ல.”

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு செய்யப்போவதை விளக்கினார். வெட்டுவது கிடையாது. எலும்பை எடுப்பது கிடையாது. மெல்லிய கம்பி ஒன்று, அதன்மேல் சின்ன பலூன் ஒன்று. அடைத்த வாசலில் கொண்டுபோய் வைத்து விரிப்பார்கள். வாசல் விரியும். பலூனைச் சுருக்கி எடுத்துவிடுவார்கள். வாசல் விரிந்தபடியே நிற்கும். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும், அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம்.

“லேசா ஒரு அழுத்தம் தெரியும். லேசா சத்தம் கேக்கும். ரெண்டு நாளைக்கு லேசா ரத்தம் கலந்து வரும். பயப்பட வேணாம்.”

“மயக்க மருந்து?” என்றாள் மனைவி.

“மரத்துப்போக மட்டும்தான். சார் முழிச்சிட்டுதான் இருப்பார்.”

“அவர் முழிச்சிட்டிருந்தாலும் பெரிசா வித்தியாசம் தெரியாது.”

நான் ஒன்றே ஒன்று கேட்டேன். “குரல் மாறுமா?”

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். “சிலருக்கு மாறும். தலைக்குள்ள காத்து போற இடம் கூடுதில்ல, அதனால. மாறினாலும் நல்லதுக்குத்தான். ஏன், நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

“பேசுறதுதான் வேலை,” என்றாள் என் மனைவி. “வீட்டுல பாத்தா நம்பமாட்டீங்க.”

நகரப் பேருந்துகளில் நிறுத்தங்களைச் சொல்வது என் குரல். “வண்டி எண் முப்பத்தொன்று. அடுத்த நிறுத்தம், நீதிமன்றம்.” இதை யாரும் ஒரே மூச்சில் பேசுவது இல்லை. “வண்டி எண்” தனி. “முப்பத்தொன்று” தனி. “அடுத்த நிறுத்தம்” தனி. “நீதிமன்றம்” தனி. எல்லாவற்றையும் துண்டு துண்டாகப் பதிவுசெய்து வைத்திருக்கிறார்கள். வண்டி போகும் இடத்துக்குத் தகுந்தபடி கருவி அவற்றைச் சேர்த்துக்கொள்ளும். புதிதாக ஒரு நிறுத்தம் வந்தாலோ பழைய நிறுத்தத்துக்குப் பெயர் மாறினாலோ என்னைக் கூப்பிடுவார்கள். போய் அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிட்டு வருவேன். பதினோரு வருடமாக இதுதான். நாளுக்கு நான்கு லட்சம் பேர் என் பேச்சைக் கேட்கிறார்கள். எவரும் பதில் சொல்வதில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது.

இப்படிச் சேர்க்கும்போது துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அதனால்தான் குரல் மாறுமா என்று கேட்டேன். மாறினால் எனக்கு வேலை இல்லை. வேறு வேலையும் தெரியாது. நாற்பத்தாறு வயதில், பெயர்களை மட்டும் தெளிவாகச் சொல்லத் தெரிந்த ஒருவனை எங்கே எடுப்பார்கள்?

“தள்ளிப்போடலாமா?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

பேனா மறுபடியும் படத்தின் மீது போனது. நெற்றி அறைக்கும் கண்ணுக்கும் நடுவில் இருந்த சுவரைக் காட்டினார். தாள் அளவுதான் கனம் இருந்தது. “சளி இதத் தாண்டி உள்ள போச்சுன்னா அப்புறம் நான் லேசான்னு சொல்லமாட்டேன்,” என்றார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நாள் குறித்தார்கள்.

மேலாளரிடம் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டார். மூக்கைப் பற்றி ஆண்கள் பேசும்போது அவர் அப்படித்தான் வேறெங்காவது பார்ப்பார் என்று நினைக்கிறேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிய தடம் ஒன்று தொடங்கப்போகிறது, முப்பத்தேழு நிறுத்தங்கள். பெயர்களை ஒரு குழு முடிவு செய்துகொண்டிருந்தது. ஏழு மாதமாக முடிவு செய்துகொண்டிருந்தது.

“பேர் எப்ப சார் வரும்?”

“வரும்.”

“செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி வந்தா நல்லது.”

“அந்தக் குழுவுல ஒம்பது பேர் இருக்காங்க,” என்றார். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார். “நீங்க போய் உடம்பப் பாருங்க. திரும்பி வந்ததும் குரலைக் கேட்டுப் பாப்போம். பொருந்தினா நீங்க பண்ணுங்க. பொருந்தலைன்னா வேற ஆளப் போட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து பண்ண வேண்டியதுதான். உங்க மேல எனக்கு எந்த வருத்தமும் இல்ல.”

அவருக்கு வருத்தம் இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஒலிப்பதிவு செய்பவனை அலுவலகத்தில் எல்லோரும் காது என்று கூப்பிடுவார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவன் பெயரை நான் பார்த்ததில்லை. இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். யாரிடமும் சத்தமாகப் பேசமாட்டான், யாராவது சத்தமாகப் பேசினால் முகம் சுளிப்பான். விஷயத்தைக் கேட்டதும் அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது.

“பேர் வராட்டி என்னண்ணே. அவங்க வைக்கப்போற பேர நம்மளே யோசிக்கலாம். பூங்கான்னு ஒண்ணு கண்டிப்பா இருக்கும். பூங்கா இல்லாம எந்தத் தடம் ஓடிருக்கு?”

“பள்ளிக்கூடம்,” என்றேன்.

“பள்ளிக்கூடம், பாலம், மருத்துவமனை, தபால் நிலையம். சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”

திங்கட்கிழமை முழுவதும் அந்தச் சின்ன அறைக்குள் உட்கார்ந்து, இன்னும் பிறக்காத நிறுத்தங்களின் பெயர்களைச் சொன்னேன். நூற்று நாற்பது பெயர்கள். மீன் சந்தை, தண்ணீர்த் தொட்டி, காவல் நிலையம், முதியோர் இல்லம், சுடுகாடு. சுடுகாட்டைப் பேருந்து நிறுத்தமாக வைக்கமாட்டார்கள் என்றேன். “ஒம்பது பேருண்ணே, சொல்ல முடியாது,” என்றான் காது.

அன்று மாலை மைத்துனன் வந்திருந்தான். என் மனைவியின் தம்பி. அவனுக்குப் பதினைந்து வருடத்துக்கு முன்னால் மூக்கில் பழைய முறையில் அறுவை சிகிச்சை நடந்தது. அதைச் சொல்வதற்குச் சரியான ஆள் கிடைக்காமல் இருந்தான்.

“மாமா, பயமுறுத்தறேன்னு நினைக்காதீங்க. மூக்குக்குள்ள துணிய வச்சு அடைச்சாங்க. மூணாம் நாள் எடுத்தாங்க. இழுக்கறாங்க, இழுக்கறாங்க, வந்துட்டே இருக்கு. பத்தாம் வகுப்புல படிச்சதெல்லாம் கூடவே வந்துருச்சு.”

“நீ பத்தாம் வகுப்புல என்னடா படிச்ச?” என்று உள்ளேயிருந்து அவன் அக்கா கேட்டாள்.

“அதான் சொல்றேன்ல, வந்துருச்சுன்னு.”

“எனக்குத் துணியெல்லாம் வைக்கமாட்டாங்களாம் மச்சான். பலூன்தான்,” என்றேன்.

அவன் சற்று நேரம் என்னைப் பார்த்தான். “பலூன் வெடிச்சா?”

அந்தக் கேள்வி எனக்கும் தோன்றியிருந்தது. கேட்டால் அசட்டுத்தனமாக இருக்குமே என்று டாக்டரிடம் கேட்கவில்லை. இப்போது அவன் கேட்டுவிட்டான், பதில்தான் எங்கள் இரண்டு பேரிடமும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை என்னைச் சாய்வு நாற்காலி ஒன்றில் உட்காரவைத்தார்கள். முடிதிருத்தும் கடை நாற்காலி போலத்தான் இருந்தது, எதிரே கண்ணாடி மட்டும் இல்லை. அது இல்லாதது நல்லதுதான். சிஸ்டர் முதலில் மூக்கில் மருந்தைப் பீய்ச்சினார். பிறகு மருந்தில் நனைத்த பஞ்சுத் திரிகளை இடுக்கியால் ஒவ்வொன்றாக உள்ளே வைத்தார். இவ்வளவு இடம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. மருந்து தொண்டைக்கு இறங்கியது. கசந்தது. கொஞ்ச நேரத்தில் கசப்பும் போய்விட்டது, தொண்டையும் போய்விட்டது. எச்சில் விழுங்கினேனா இல்லையா என்பதே தெரியவில்லை.

“விழுங்க முடியலைன்னு தோணும் சார். ஆனா விழுங்கிட்டுதான் இருப்பீங்க. எல்லாருக்கும் அப்படித்தான்,” என்றார் சிஸ்டர். “உங்க குரல எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே.”

“பேருந்துல,” என்றேன். மேல் உதடு என்னுடையதாக இல்லை.

“முப்பத்தொண்ணா? நான் தினமும் அதுலதான் வர்றேன். எங்க, ஒரு தடவை சொல்லுங்க.”

மூக்கில் ஆறு திரிகளோடு, மரத்துப்போன வாயால், அடுத்த நிறுத்தம் மருத்துவமனை என்று சொன்னேன். அவர் கொஞ்சம் ஏமாந்துபோனது போலத் தெரிந்தது. “பரவால்ல,” என்றார்.

இருபது நிமிடம் கழித்து டாக்டர் வந்தார். திரிகளை எடுத்துவிட்டு உள்ளே இரண்டு மூன்று இடத்தில் ஊசி போட்டார். அது தெரிந்தது, ஆனால் பக்கத்து வீட்டில் யாரோ கதவைத் தட்டுவது போலத்தான் தெரிந்தது. பிறகு கம்பி. அதன் நுனியில் சிறிய விளக்கு இருக்கிறது, சரியான அறைக்குள் போய்ச் சேர்ந்தால் வெளிச்சம் தோலுக்கு வெளியே தெரியும், அதைப் பார்த்துத்தான் உறுதி செய்துகொள்வார்கள் என்று சொன்னார். சிஸ்டர் அறை விளக்கை அணைத்தார்.

“தெரியுதா?”

“தெரியுது டாக்டர். நெத்தியில, நல்ல சிவப்பா.”

இருட்டில் என் நெற்றி எரிந்துகொண்டிருந்ததை அந்த அறையில் பார்க்காதவன் நான் ஒருவன்தான்.

“இப்ப விரிக்கிறேன். பேசாதீங்க,” என்றார் டாக்டர். அந்த விஷயத்தில் அவருக்கு என்னைவிட நல்ல நோயாளி கிடைத்திருக்கமாட்டார்.

பலூனுக்குள் போவது காற்று அல்ல, உப்புநீர். கைப்பிடியைத் திருகத் திருக, அழுத்தத்தைக் காட்டும் முள் நகரும். சிஸ்டர் எண்களைப் படித்தார். நான்கு. ஆறு. எட்டு. புருவத்துக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்தினார்கள். பிறகு அந்தச் சத்தம். டாக்டர் சொன்னதில் அது ஒன்றுதான் லேசாக இல்லை. சரளைக்கல் பாதையில் செருப்புப் போட்டு நடப்பது போல, நொறுநொறுவென்று, தலைக்கு உள்ளேயிருந்து கேட்டது. சத்தம் வெளியே இருந்தால் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காதால் சொல்லிவிடலாம். இதற்குப் பக்கமே இல்லை. பத்து விநாடி இருக்கும். வலிக்கவில்லை. வலித்திருந்தால் அதைக் கவனித்துக்கொண்டிருந்திருப்பேன், சத்தத்தைக் கேட்டிருக்கமாட்டேன்.

நான்கு வாசல்களுக்கு நான்கு முறை. பிறகு உப்புநீர் விட்டு உள்ளே கழுவினார்கள். வெளியே வந்ததை ஒரு கிண்ணத்தில் பிடித்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, “பழைய சரக்கு,” என்றார்.

நாற்பத்தைந்து நிமிடத்தில் முடிந்தது. பலூன் வெடிக்கவில்லை.

அடுத்த ஒரு வாரத்துக்கான விதிகளை என் மனைவி அலமாரிக் கதவில் ஒட்டினாள். மூக்கைச் சிந்தக் கூடாது. குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும். இரண்டு தலையணை வைத்துப் படுக்க வேண்டும். காலையும் மாலையும் உப்புநீரால் மூக்கைக் கழுவ வேண்டும். கழுவும்போது ஒரு பக்கம் விட்ட நீர் மறுபக்கமாக வந்தது. இந்த வழி எனக்கும் இருக்கிறது என்பதை நம்பச் சில நாள் ஆனது. முதல் இரண்டு நாள் ரத்தம் கலந்து வந்தது, மூன்றாம் நாள் நின்றது. முகம் கனத்தது. ஐந்தாம் நாள் காலை எழுந்து உட்கார்ந்து, ஏதோ காணாமல் போனது போலச் சுற்றும்முற்றும் பார்த்தேன். தலைவலியைக் காணவில்லை.

அன்றைக்குத்தான் என் மனைவியின் வாசனை எனக்குத் தெரிந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடிகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துகிறாள். கையிலும் துப்பட்டாவிலும் ஈரச் சாணைக்கல் வாசனை இருந்தது, மழை விழுந்த சிமெண்டு போல. ஒன்பது வருடமாக அது இருந்திருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. அவளுக்கு அது புதுச் செய்தி அல்ல.

அவள் கவனித்தது வேறு. ஆறாம் நாள் மதியம் கடைக்குப் போன் செய்து சாவி எங்கே என்று கேட்டேன். மாலை வந்ததும் சொன்னாள்.

“கடைக்கு இனிமே போன் பண்ணாதீங்க.”

“ஏன்?”

“பக்கத்துல நின்னவ கேட்டுட்டு, யாருடி அதுங்கறா. வீட்டுக்காரருன்னேன். உன் வீட்டுக்காரரு குரல் எனக்குத் தெரியும், தினமும் வண்டியில கேக்கறேன், இது வேற ஆளுங்கறா. ஒம்போது வருஷமா இல்லாத கெட்ட பேரு ஒரு போன்ல வந்துருச்சு.”

அப்போதுதான் எனக்கு உறுதியாகத் தெரிந்தது, குரல் மாறிவிட்டது என்று. எனக்கு உள்ளே அதே குரல்தான் கேட்டது.

குழு அதற்குள் பெயர்களை அனுப்பிவிட்டது. வேலைக்குத் திரும்பிய அன்று காது பட்டியலை என் முன்னால் வைத்தான். முகம் இருண்டிருந்தது. நாங்கள் யோசித்தவை பெரும்பாலும் அப்படியே வந்திருந்தன. பூங்கா இருந்தது, பாலம் இருந்தது, பள்ளிக்கூடம், மருத்துவமனை, மீன் சந்தை இருந்தன. ஆற்றுக்கு இந்தப் பக்கமும் அதே பெயர்கள் இருப்பதால் குழப்பம் வரக் கூடாது என்று குழு நினைத்திருக்கிறது. ஒவ்வொன்றின் முன்னாலும் ‘புதிய’ சேர்த்திருந்தார்கள். புதிய பூங்கா. புதிய பாலம். புதிய மீன் சந்தை.

“அந்த ஒரு வார்த்தைய நம்ம சொல்லவே இல்லண்ணே,” என்றான். “நூத்தி நாப்பது சொன்னோம்.”

“இப்ப சொல்லிரலாம்.”

சொன்னேன். அவன் அதை எடுத்து, திங்கட்கிழமை சொன்ன ‘பாலம்’ என்பதோடு ஒட்டிப் போட்டுக் காட்டினான். நல்ல ஆரோக்கியமான ஒருவன் மேடைக்கு வந்து, காய்ச்சல்காரன் ஒருவனை அறிமுகப்படுத்துவது போல இருந்தது. காது பொத்தான்களைத் திருகிப் பார்த்தான். என்னை மூக்கைப் பிடித்துக்கொண்டு சொல்லச் சொன்னான். பஞ்சு வைத்துக்கொண்டு சொல்லலாமா என்று கேட்டேன், டாக்டர் கொன்றுவிடுவார் என்றான். விரலால் பிடித்துக்கொண்டே பத்துப் பன்னிரண்டு முறை சொன்னேன்.

“ஒத்து வருதா?”

“யாரோ உங்களக் கிண்டல் பண்ற மாதிரி இருக்குண்ணே.”

மேலாளர் மறுநாள் பத்து மணிக்குக் கேட்க வருவதாகச் சொல்லியிருந்தார். நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தேன். அந்த அறை நாறியது. சுவரில் ஒட்டிய பஞ்சுப் பலகைகள் பதினோரு வருடமாக ஈரத்தைக் குடித்து உட்கார்ந்திருந்தன.

“இந்த ரூம் எப்பவுமே இப்படியா இருக்கும்?”

“எப்படிண்ணே?”

“நாத்தம்.”

காது என்னை ஆச்சரியமாகப் பார்த்தான். “நீங்க பெரிய மனசு பண்ணி சொல்லாம இருக்கீங்கன்னுல்ல நான் நினைச்சேன்.”

மாலை நாலரை மணி வரை அவன் விடவில்லை. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு முறை பதிவு தொடங்கும் முன்னும், போன முறை கடைசியாகச் சொன்ன பெயரைப் போட்டுக் கேட்போம். அதே போல நான் சொல்வேன். இரண்டும் ஒன்றாக ஒலிக்கும்வரை அவன் திருகுவான். ஒன்றானதும் தொடங்குவோம். இப்போது போன முறையோடு ஒத்துவரவில்லை என்றதும், அதற்கு முந்தைய முறையைப் போட்டுப் பார்த்தான். அதற்கு முந்தையதை. பிறகு வருடக் கணக்கில் பின்னால் போனான்.

ஏழு வருடம் பின்னால் போனதும் கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை, வருடத்துக்கு ஒரு பெயராகப் போட்டான். தபால் நிலையம். மணிக்கூண்டு. பழைய நூலகம். கேட்கக் கேட்க, ஒரு மனிதன் கனத்த போர்வைகளை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வெளியே வந்தான். கடைசியில், பதினோரு வருடத்துக்கு முன் முதல் நாள் பதிவுசெய்த எண்கள். ஒன்று, இரண்டு, மூன்று. சுத்தமான, திறந்த குரல். எண்களை ஒரே முறைதான் பதிவுசெய்தோம், பிறகு தேவைப்படவில்லை.

“இது யாருண்ணே?”

“நான்தான்.”

‘புதிய’ என்பதை அதே முதல் நாள் சொன்ன ‘முப்பத்தொன்று’ என்பதோடு ஒட்டிப் போட்டான். ஒட்டிய இடம் தெரியவில்லை.

நான் அந்தப் போர்வைகளைத் திரும்பவும் எதிர்த்திசையில் நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். வருடத்துக்கு ஒன்றாக மூடிக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாளும் நேற்றைவிடக் கண்டுபிடிக்கிற அளவுக்கு அதிகமாக மூடியதில்லை, அதனால் தெரியவில்லை. நான்கு லட்சம் பேரும் தினமும் கேட்டிருக்கிறார்கள். எண்ணை ஒருவன் சொல்லியிருக்கிறான், நிறுத்தத்தை இன்னொருவன் சொல்லியிருக்கிறான்.

“தப்பு என்னோடதுண்ணே,” என்றான் காது. “எப்பவும் போன தடவையோடயே ஒத்துப் பாத்தேன். ஒரு தடவையாவது முத நாளோட பாத்திருக்கணும். பேரு வேற காது.”

“நாளைக்கு இத அவருக்குப் போட்டுக் காட்டணுமா?”

“காட்டினாத்தான் உங்களுக்கு வேலை நிலைக்கும்.”

“உனக்கு?”

அவன் ஹெட்போனின் ஒயரைச் சுற்றி மேஜைமேல் வைத்தான்.

மேலாளர் பத்து மணிக்கு வந்தார். காது மூன்றையும் போட்டான். எண். புதிய குரல். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் குரல். மேலாளர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். மறுபடி போடச் சொன்னார்.

“புதுக் குரலும் நம்பரும் ஒண்ணா இருக்கு.”

“ஆமா சார்.”

“அப்ப பொருந்தாதது எது?”

“நடுவுல உள்ள பத்து வருஷம் சார்,” என்றான் காது.

“இத்தனை வருஷமா ரெண்டு ஆளு பேசுற மாதிரியா வண்டியில ஓடிட்டிருக்கு?”

“ஆமா சார்.”

“யாரும் புகார் பண்ணலையா?”

“ஒரே ஒரு புகார் வந்திருக்கு சார். சத்தம் கம்மியா இருக்குன்னு.”

மேலாளர் காதைப் பார்த்தார். “இத யாரு பாத்திருக்கணும்?”

காது வாயைத் திறந்தான். நான் முந்திக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் பேச்சில் நான் யாரையும் முந்தியது அதுவே முதல் முறை.

“மூக்கு என்னோடது சார்,” என்றேன். “மாசா மாசம் அதத் தூக்கிட்டு வந்தது நான். எனக்கே தெரியல.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். மூக்கு என்ற சொல் எங்களைக் காப்பாற்றியது என்றுதான் நினைக்கிறேன். சற்று நேரம் கழித்து, ஜன்னலிடமே சொன்னார். “புதுத் தடத்த நீங்களே பண்ணுங்க. அதோட, பொருந்தாம கிடக்கறது மொத்தத்தையும் திரும்பப் பதிவு பண்ணிருங்க. எத்தனை இருக்கும்?”

“முன்னூத்தி பதினாறு நிறுத்தம் சார்.”

“பழசு எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது. அப்புறம் கலந்துரும்.”

வேலை நிலைத்தது. இரண்டு பேருக்கும். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். சாப்பிட்டு முடித்துப் பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது கேட்டாள்.

“நீதிமன்றத்தையும் மாத்திருவீங்களா?”

அவள் இறங்கும் நிறுத்தம் அது. கடை அதற்கு எதிரே இருக்கிறது.

“எல்லாத்தையும்தான்.”

“அது ஒண்ண மட்டும் விட முடியாதா?”

“பழசு மிச்சம் இருக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. ஏன்?”

“ஒண்ணுமில்ல. வண்டியில உக்காந்தா தூங்கிருவேன். அத கேட்டாத்தான் முழிப்பு வரும்.” பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தாள். “அதுக்கப்புறம் ராத்திரி வரைக்கும் நீங்க எங்கிட்ட பேசப்போறது ஒண்ணும் இல்லையே.”

நான் நின்றுகொண்டிருந்தேன். சொல்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும் என்று தோன்றியது. “இனிமே காலையில கிளம்பும்போது ஏதாவது சொல்றேன்,” என்றேன்.

“என்ன சொல்வீங்க?”

யோசித்தேன். அவள் காத்திருந்துவிட்டு விளக்கை அணைத்தாள். மறுநாள் காலை அவள் செருப்பை மாட்டும்போது, மழை வரும் போலிருக்கிறது என்று சொன்னேன். அவள் வானத்தைப் பார்த்தாள். மேகமே இல்லை. “சரி,” என்று சொல்லி, குடையை எடுத்துக்கொண்டு போனாள்.

அலுவலகத்தில் காது முன்னூற்றுப் பதினாறு பெயர்களையும் திரையில் வரிசையாக வைத்திருந்தான். நீதிமன்றத்தை முதலில் எடுக்கச் சொன்னேன். பழையதை ஒரு முறை போட்டான். அதிலிருந்த அடைத்த மூக்கு மனிதன் ஒவ்வோர் எழுத்தையும் மாடிப்படியில் மூட்டை ஏற்றுவது போல ஏற்றி வைத்திருந்தான். கஷ்டப்பட்டிருக்கிறான். ஆனால் ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை.

“அழிக்கட்டுமாண்ணே?”

“அழி.”

அழித்தான். கையை உயர்த்தினான். நான் மூச்சை இழுத்துக்கொண்டு நீதிமன்றம் என்றேன். அவன் கையை இறக்காமல் முகம் சுளித்தான்.

“என்ன?”

“மூச்சு கேக்குதுண்ணே. மூக்கு வழியா காத்து போற சத்தம். இதுக்கு முன்னாடி உங்ககிட்ட இது வந்ததே இல்ல.” ஹெட்போனைச் சரிசெய்துகொண்டான். “ஒண்ணு பண்ணுங்க. வாயத் திறந்து மூச்சு விடுங்க. வண்டியில போறவங்களுக்கு உங்க மூச்செல்லாம் எதுக்கு?”

வாயைத் திறந்து மூச்சு விட்டேன். அவன் தலையாட்டினான். சொன்னேன்.